வெப்ப வியாழன்களின் வளிமண்டலத்தில் காந்தப்புலத்தின் விளைவுகள்

வியாழனைப் போன்ற பெரிய வளிமக் கோள் ஒன்று தன் விண்மீனுக்கு மிக அருகில் சுற்றிவந்தால் அது வெப்ப வியாழன் எனப்படுகிறது. இத்தகைய கோள்களின் வளிமண்டலம் 1,000 முதல் 2,000 பாகை செல்சியசு வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் சூடாக இருக்கும். அந்த வெப்பத்தில் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. மின்கடத்தும் காற்று கோளின் காந்தப்புலத்தின் ஊடே வீசும்போது அதன் வேகம் தடைபடுகிறது. மின்னோட்டமும் வெப்பமும் உண்டாகின்றன. கோளின் பருமன், காற்றின் போக்கு, வளிம இழப்பு ஆகிய மூன்றையும் காந்தப்புலம் மாற்றக்கூடும். ஆயினும் எந்த வெப்ப வியாழனின் காந்தப்புலமும் இதுவரை நேரடியாக அளக்கப்படவில்லை.

கோள்களின் தன்மை

சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளான 51 பெகாசி பி, 1995இல் மிஷேல் மேயர், திதியே கெலோ ஆகியோரால் கண்டறியப்பட்டது. இதற்காக அவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இக்கோளின் ஓர் ஆண்டு நம் கணக்கில் 4.2 நாள் மட்டுமே.

இவ்வளவு அருகில் சுற்றும் கோள், விண்மீனின் ஈர்ப்பால் எப்போதும் ஒரே பக்கத்தை அதற்குக் காட்டியபடி சுற்றும். திருவண்ணாமலையில் கிரிவலம் செல்வோரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். சுமார் 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் அவர்களுடைய வலப்பக்கமே மலையை நோக்கி இருக்கும். இடப்பக்கம் ஒருபோதும் மலைப்பக்கம் திரும்பாது. அதுபோலவே வெப்ப வியாழனின் ஒரு பாதி நிலையான பகல், மறுபாதி நிலையான இரவு. இந்த வெப்ப வேறுபாட்டால் நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகமுள்ள காற்று, நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி வீசுகிறது.

காற்று மின்கடத்தி ஆவது எப்படி?

இக்கோள்களில் பெரும்பகுதி ஐதரசனும் ஹீலியமும் ஆகும். ஐதரசன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 1,500 பாகை வெப்பம் அதற்குப் போதாது. ஆனால் சோடியத்துக்கு 5.1, பொட்டாசியத்துக்கு 4.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே மிகச் சிறிய அளவில் கலந்துள்ள இவ்விரு உலோகங்களே எலக்ட்ரான்களை இழந்து காற்றை மின்கடத்தியாக்குகின்றன. வெப்பம் சற்று உயர்ந்தாலே மின்கடத்தும் திறன் பன்மடங்கு கூடிவிடும்.

இக்கோள்களில் சோடியம் இருப்பது எவ்வாறு தெரியவந்தது? கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது குறையும். அந்த ஒளியில் ஒரு பகுதி கோளின் வளிமண்டலத்தில் புகுந்து வருவதால், அங்குள்ள பொருள்கள் தமக்குரிய நிறங்களை உறிஞ்சிக்கொள்கின்றன. எச்.டி. 209458 பி என்னும் கோள் இவ்வாறு கடந்தபோது, தெருவிளக்குச் சோடியத்துக்கே உரிய மஞ்சள் நிற ஒளி கூடுதலாகக் குறைந்திருந்ததை ஹபிள் தொலைநோக்கி காட்டியது. இம்முடிவு 2002இல் வெளியானது. விண்மீன் மறைக்கப்படும்போது ஒளி குறைவதைக் கொண்டு ஆராயும் முறை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1977இல் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வில் அதன் வளையங்கள் வெளிப்பட்டன. அதனைப் பதிவுசெய்த நிலையங்களுள் ஒன்று சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகம்.

தென்தமிழகத்தின் மேல் நிகழும் ஒப்பான நிகழ்வு

காந்தப்புலத்தின் ஊடே மின்கடத்தும் காற்று வீசுவது பூமியிலும் நடக்கிறது. ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்சு கதிர்களும் காற்றை மின்னூட்டமுள்ளதாக்குகின்றன. அங்கு வீசும் காற்று புவிக்காந்தப் புலத்தைக் கடக்கும்போது மின்னோட்டம் தோன்றுகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில் அது பகலில் வலிமையாகக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இதனை ஆராய இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் அமைத்துள்ளது. தும்பா ஏவுதளத்துக்கு இடம் தேர்ந்ததற்கும் இதுவே காரணம். அங்கிருந்து 1963 நவம்பர் 21இல் ஏவப்பட்ட முதல் ராக்கெட், மேல்வளிமண்டலக் காற்றை அறிவதற்காகச் சோடிய ஆவியைச் சுமந்து சென்றது.

பூமியில் இந்த விளைவு அடர்த்தி குறைந்த மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. வெப்ப வியாழனிலோ அடர்த்தியான கீழடுக்குகள் வரை பரவுகிறது.

காற்றுக்குத் தடை

செம்புக் குழாயினுள் காந்தத்தைப் போட்டால் அது மெதுவாகவே கீழிறங்கும். குழாயில் தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்ப்பதே காரணம். பள்ளியில் படிக்கும் லென்சு விதி இதுவே. வெப்ப வியாழனில் காந்தப்புலம் நிலையாக இருக்க, மின்கடத்தும் காற்று நகர்கிறது. விளைவு ஒன்றே: காற்றின் வேகம் குறைகிறது. அதனால் பகற்பக்க வெப்பம் இரவுப்பக்கத்துக்குச் செல்வதும் குறைகிறது.

ஹெச்.ஏ.டி-பி-7 பி என்னும் கோளின் மிக ஒளிர்வான பகுதி கிழக்கும் மேற்குமாக இடம் மாறுவதாகக் கெப்ளர் தொலைநோக்கித் தரவுகளைக் கொண்டு 2016இல் அறிவிக்கப்பட்டது. காந்தப்புலம் காற்றைத் திருப்புவதே காரணமானால் அது குறைந்தது 6 காஸ் வலிமையுடன் இருக்க வேண்டும் என 2017இல் கணக்கிடப்பட்டது. எனினும் இம்மாற்றம் விண்மீனின் ஏற்ற இறக்கத்தாலும் தோன்றலாம் என்று 2022இல் ஒரு மறுஆய்வு கூறியது.

பருத்த கோள்கள்

எச்.டி. 209458 பி, நிறையில் வியாழனின் 0.7 பங்கே, விட்டத்திலோ வியாழனைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரியது. பல வெப்ப வியாழன்கள் இவ்வாறே கணக்கிட்டதைவிடப் பருத்திருக்கின்றன. உள்ளே கூடுதல் வெப்பம் சென்றாலன்றி இது நிகழாது. காற்றால் தூண்டப்படும் மின்னோட்டம் ஆழத்துக்குப் பாய்ந்து, மின் அடுப்புக் கம்பியைப் போல அங்கே வெப்பத்தை உண்டாக்குகிறது என்று கான்ஸ்டான்டின் பேட்டிகின், டேவிட் ஸ்டீவன்சன் ஆகியோர் 2010இல் விளக்கினர்.

இக்கருத்தின்படி ஓர் எல்லைக்கு மேல் வெப்பம் கூடினால், தடையும் கூடிக் காற்று தளர்ந்துவிடும். அதனால் உட்செல்லும் வெப்பத்தின் பங்கும் குறையும். 2018இல் பல கோள்களை ஒப்பிட்ட ஆய்வில் இப்பங்கு ஏறத்தாழ 1,500 கெல்வினில் உச்சம் அடைந்து, பின்னர்க் குறைவது தெரிந்தது. இது அக்கருத்துக்கு ஆதரவான சான்று. வேறு விளக்கங்களும் உள்ளன.

வளிம இழப்பு

எச்.டி. 209458 பியிலிருந்து ஐதரசன் வெளியேறுவது 2003இல் அறியப்பட்டது. நொடிக்குக் குறைந்தது பத்தாயிரம் டன் வெளியேறுவதாக அப்போது மதிப்பிடப்பட்டது. 500 கோடி ஆண்டுகள் இப்படியே தொடர்ந்தாலும் அது கோளின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. சிறிய கோளுக்கு இத்தகைய இழப்பு பேரிழப்பாகும். மின்னூட்டமுள்ள துகள்கள் காந்தப்புலக் கோடுகளைக் குறுக்கே எளிதில் கடக்க முடியாது. எனவே மூடிய கோடுகள் வளிமத்தைத் தடுத்து நிறுத்தும். துருவப் பகுதியின் திறந்த கோடுகள் வெளியேற வழிவிடும்.

அளவிடும் முயற்சிகள்

காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள், ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் வானொலி அலைகளை வெளியிடும். புணே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி மூலம் எச்.டி. 189733 பி உள்ளிட்ட கோள்கள் ஆராயப்பட்டன. நெப்டியூன் அளவுள்ள ஹெச்.ஏ.டி-பி-11 பியின் திசையிலிருந்து 150 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய அறிகுறி ஒன்று கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. அது அக்கோளினுடையதானால் புலம் 50 காஸுக்கு மேல் இருக்கும். ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது அந்த அறிகுறி தென்படவில்லை. ஏறத்தாழ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அலைகளைப் பூமியின் அயனி மண்டலம் தடுத்துவிடுவதால், 4 காஸுக்குக் குறைவான புலங்களைத் தரையிலிருந்து இம்முறையில் அறிய இயலாது.

மறைமுக மதிப்பீடுகளும் ஒத்துப்போகவில்லை. விண்மீனில் கோள் ஏற்படுத்தும் மாற்றங்களைக் கொண்டு நான்கு வெப்ப வியாழன்களுக்கு 20 முதல் 120 காஸ் வரை என்று 2019இல் கணித்தனர். வியாழனின் நடுக்கோட்டில் புலம் ஏறத்தாழ 4 காஸ். இதற்கு மாறாக, எச்.டி. 209458 பியின் காந்தத் திருப்புத்திறன் வியாழனுடையதில் பத்தில் ஒரு பங்கே என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கூறியது.

முக்கியத்துவம்

ஒரு கோளின் பருமனைக் கொண்டே அதன் உட்பொருள்களும் தோன்றிய விதமும் கணிக்கப்படுகின்றன. அந்தப் பருமனில் மின்னோட்ட வெப்பத்தின் பங்கு எவ்வளவு என்று தெரியாதவரை இக்கணிப்புகள் உறுதியாகா. காந்தப்புலம் வளிமண்டலத்தைக் காக்கிறதா, அது வெளியேற வழிவகுக்கிறதா என்ற வினா, உயிர்கள் வாழத்தக்க சிறிய கோள்களுக்கும் பொருந்தும். பெரிய கோள்களில் இவ்விளைவுகள் வலிமையாகத் தோன்றுவதால், அவ்வினாவுக்கான விடை முதலில் வெப்ப வியாழன்களிடம் தேடப்படுகிறது.