யார் கையெழுத்து வேண்டும்?

காலையில் மாரிக்குப்பம் ரயில் பெங்களூரு வந்து நின்றதும் கோலார் தங்கவயல் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்குள்ள பல குடும்பங்களுக்குப் பிழைப்பு இந்த ரயில்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாணவி. பெங்களூரு கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. பௌதிகம், இரண்டாம் ஆண்டு. மீதிப் படிப்பை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முடிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அங்கே வேலை பார்க்கும் தாய்மாமன் செலவுக்குக் கை கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று. ஓர் இடத்தில் மட்டும் கை நின்றது. சிபாரிசுக் கடிதம் எழுதப் போகும் இருவர் யார்?

அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த கட்சிப் பிரமுகர் ஒருவரிடம் போய், பெயர் அச்சடித்த தாளில் கடிதமே வாங்கி வந்துவிட்டார். "இதைவிடப் பெரிய ஆள் யாரும்மா இருக்கார்?" என்றார்.

பச்சை மை

அவரைக் குறை சொல்வதற்கில்லை. சான்று என்றால் கெஜடெட் அதிகாரியின் பச்சை மை என்று பழகிய தலைமுறை அது. சுய சான்றொப்பமே போதும் என்று 2014-ல் மத்திய அரசு வலியுறுத்திய பிறகும் பலர் மனத்தில் அந்தப் பச்சை மை காயவில்லை.

ஆனால் அமெரிக்கக் கல்லூரி கேட்பது வேறு. இந்த மாணவி வகுப்பில் எப்படிக் கேள்வி கேட்கிறாள்? தவறு நேர்ந்தால் என்ன செய்கிறாள்? இதற்குப் பதில் தெரிந்தவர்தான் எழுத வேண்டும். கல்லூரி மாறுவோரிடம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கடிதங்கள் கேட்கிறார்கள். இப்போது பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியரின் கடிதமே அவர்களுக்குப் பிரதானம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் போல, விண்ணப்பத்தோடு கடிதமே கேட்காத இடங்களும் உண்டு. எனவே ஒவ்வோர் இடத்து விதியையும் முதலில் படித்துவிடுவது நல்லது.

ராமானுஜனுக்கு எழுதியவர்

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். கையில் பட்டம் இல்லை. 1913 பிப்ரவரியில் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் அவருடைய கணக்குகள் காட்டப்பட்டன. வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர். அவர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. வாக்கர் பெரிய அதிகாரிதான். ஆனாலும் அந்தக் கணக்குகளைப் படித்துப் பார்த்து எழுதினார் என்பதல்லவா விஷயம்!

கேட்கத்தான் பயம்

ஆசிரியரிடம் கடிதம் கேட்பது சுலபமா? கேட்டால், "உங்கள் கல்லூரியை விட்டுப் போகிறேன்" என்று சொன்னதாகிவிடும். உள்மதிப்பீட்டு மார்க் அவர் கையில். கடிதமும் வராமல் மார்க்கும் போனால்?

மாணவி யோசித்தாள். முதல்வருக்கு அவள் முகமே தெரியாது. துறைத் தலைவர் நல்ல மார்க் போட்டவர்தான். ஆனால் எண்பது பேரில் அவளும் ஒருத்தி. "எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதித் தருவேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

மிஞ்சியவர் ஆய்வுக்கூட ஆசிரியை. கண்டிப்பானவர். நியூட்டன் வளையச் சோதனையில் மாணவிக்கு விடை தப்பாக வந்தது. பலர் செய்வது போல் சரியான விடைக்கு ஏற்ப அளவுகளை மாற்றி எழுதாமல், வந்ததையே எழுதினாள். வகுப்பு முடிந்த பின் மறுபடி செய்து பார்த்தாள். நுண்ணோக்கியின் திருகை முன்னும் பின்னும் திருப்பியதே தவறு, ஒரே திசையில் திருப்ப வேண்டும் என்று கண்டுபிடித்தாள். ஆசிரியை அன்று பாராட்டவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

"மேடம், கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?" என்று தயங்கிக் கேட்டாள்.

"போவதென்று முடிவு செய்துவிட்டாய். கோபித்து என்ன ஆகப் போகிறது? ரெக்கார்டு நோட்டைக் கொண்டு வா" என்றார்.

இரண்டாவது கடிதத்துக்குக் கணித ஆசிரியர் சம்மதித்தார். வகுப்பு முடிந்ததும் சந்தேகம் கேட்க வருபவள் என்று அவருக்கு இவளைத் தெரியும்.

செய்ய வேண்டியவை

"நீயே எழுதி வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அதற்கு இணங்கக் கூடாது. அது பொய்ச் சான்று. பதிலாக மார்க் பட்டியல், செய்த வேலைகளின் விவரம், கல்லூரி மாறும் காரணம், கடைசித் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுக்கலாம். பல கல்லூரிகளில் மார்ச் மாதமே கெடு முடிகிறது. ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டும். தயங்குகிறவரை வற்புறுத்தக் கூடாது. அரைமனதுக் கடிதம் கெடுதலே செய்யும்.

கடிதத்தை ஆசிரியரே நேரடியாக இணையம் வழி அனுப்புவார். சேர்ந்த பின் அதைப் பார்க்கும் உரிமை 1974-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி மாணவருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதே வழக்கம். அப்போதுதான் ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் என்று கல்லூரி நம்பும்.

கடிதங்கள் போய்விட்டன. முடிவு இன்னும் வரவில்லை. பிரமுகரின் கடிதம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

"அந்த மேடம் என்ன எழுதினாங்க?" என்று கேட்டார் அப்பா.

"தெரியாதுப்பா. நான் பார்க்கலை."

"பார்க்காமலா அனுப்பச் சொன்னே?"

"அவங்களுக்கு என்னைத் தெரியும்பா."