1,700 ரிங்கிட் எப்படி 1,501 ஆகிறது?

அம்பாங்கான், செனவாங் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலர் இன்று செனவாங் தொழிற்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். கிராணியின் கணக்குப் புத்தகம் போய், கைத்தொலைபேசியில் சம்பளச் சீட்டு வருகிறது. ஆனால் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று; நடுவில் போனது என்ன?

உங்கள் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். அந்த ஆண்டின் அட்டவணைப்படி, 60 வயதுக்கு உட்பட்ட மலேசியருக்கு ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்புக்கு, 11 விழுக்காடு: 187 ரிங்கிட். சொக்சோவுக்கு 8.25. வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு 3.30. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரிப் பிடித்தம் வராது. ஆக, கைக்கு வருவது 1,501 ரிங்கிட் 45 காசு.

சொக்சோவின் எட்டு வெள்ளியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. வேலையிடத்து விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. தினமும் சாலையில் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. மூன்று வெள்ளி 30 காசு, ஆலை ஆள்குறைப்பு செய்தால் வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகைக்கு.

இபிஎஃப் வேறு வகை. உங்கள் 187 ரிங்கிட் போகும்போது, முதலாளியும் தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் போட வேண்டும். அது உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டப்படுவதில்லை. மாதம் 408 ரிங்கிட் உங்கள் பெயரில் ஏறுகிறது. 1951இல் இந்த நிதி தொடங்கியபோது இரு தரப்பும் ஆளுக்கு 5 விழுக்காடு போட்டதோடு ஒப்பிட்டால் இது நல்ல வளர்ச்சிதான்.

இனிமேல்தான் பலர் கவனிக்காத இடம் வருகிறது: ஓவர்டைம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். சாதாரண வேலை நாளில் அதன் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். 1,700 வாங்குபவருக்கு மணிக்குச் சுமார் 12.26. மாதம் 40 மணி நேரம் செய்தால் 490.38 கூடும். மொத்தம் 2,190.38.

இபிஎஃப் சட்டம் 'சம்பளம்' என்று சொல்வதில் ஓவர்டைம் அடங்காது. சொக்சோ சட்டத்தில் அடங்கும். ஒரே சொல்லுக்கு இரண்டு சட்டத்தில் இரண்டு பொருள்! எனவே இபிஎஃப் பிடித்தம் அதே 187தான், சொக்சோ 10.75, வேலைக் காப்புறுதி 4.30 ஆகின்றன. கைக்கு 1,988.33.

அதே 2,190.38ஐ ஒருவர் அடிப்படைச் சம்பளமாகவே வாங்கினால்? இபிஎஃப் 242 போகும். கைக்கு 1,933.33தான், 55 ரிங்கிட் குறைவு. இவருக்குத்தான் நஷ்டம் என்று தோன்றும். ஆனால் இவருடைய முதலாளி 286 போடுகிறார். இபிஎஃப்பில் மாதம் 528 ஏறுகிறது, முன்னவரைவிட 120 கூடுதலாக. இந்த வித்தியாசம் 25 ஆண்டுகள் தொடர்ந்தால், சட்டம் உறுதி கூறும் குறைந்தபட்ச 2.5 விழுக்காடு லாப ஈவுக்கே ஏறக்குறைய 50,000 ரிங்கிட். வேலைக்குச் சேரும்போது "ஓவர்டைமோடு இரண்டாயிரத்துக்கு மேல் வரும்" என்று சொன்னால், அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். ஓவர்டைம் குறைகிற மாதத்தில் வீட்டுக் கணக்கும் ஆட்டம் கண்டுவிடும்.

இவை போக வேறு பிடித்தங்கள் இருக்கலாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு எதையெதைப் பிடிக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. முன்பணத்தைப் பிடிக்கலாம், வட்டி போடக் கூடாது. தொழிற்சங்கச் சந்தாவுக்கு உங்கள் எழுத்துபூர்வமான வேண்டுகோள் வேண்டும். உடைந்த பொருளுக்கு முதலாளி தாமாக வெட்டிக்கொள்ள அந்த வரிசையில் இடமில்லை. ஒரு மாதப் பிடித்தம் பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது என்கிறது 26ஆவது பிரிவு. தோட்டக் கடைப் பற்றை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும்.

சீட்டில் பிடித்தம் காட்டினால் மட்டும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. இபிஎஃப், சொக்சோ இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். இபிஎஃப்பின் 'ஐ-அக்காவுன்' செயலியில் உங்கள் கணக்கைத் திறந்து, 187ம் 221ம் ஏறியிருக்கின்றனவா என்று மாதந்தோறும் பாருங்கள். ஏறவில்லையென்றால் சம்பளச் சீட்டோடு இபிஎஃப் அலுவலகத்தில் புகார் செய்யலாம். அதனால் பழைய சீட்டுகளை அழித்துவிடாதீர்கள்.