ஊருக்குள்ளேயே ஒரு காலாண்டு விடுமுறை

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும் வாரத்தில் எங்கள் சிறுநீரகப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த ஒரு முறை மட்டும் டயாலிசிஸைத் தள்ளிப் போடலாமா, டாக்டர்? பிள்ளைகள் கொடைக்கானல் போகவேண்டும் என்று அழுகிறார்கள்." கேட்பவர் பெரும்பாலும் நோயாளியே. தம் பொருட்டு அவர் எதையும் கேட்பதில்லை. தம்மால் பிள்ளைகளின் விடுமுறை வீணாகிறதே என்ற உறுத்தல்தான் அவரை அவ்வாறு கேட்க வைக்கிறது.

தள்ளிப் போடக்கூடாது என்பதே என் விடை. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்ற கணக்கில் ஒன்று தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நிலைகுலையலாம். ஆனால் கொடைக்கானல் இல்லை என்றால் விடுமுறையே இல்லை என்று ஆகிவிடாது. மதுரையில் இருப்பவர்களுக்கு ஊருக்குள்ளும் ஊரை ஒட்டியும் பத்து நாட்களுக்குப் போதுமான இடங்கள் உள்ளன. அவற்றை டயாலிசிஸ் அட்டவணையோடு பொருத்திக் கொள்வதுதான் நம் வேலை.

முதலில் நாட்கணக்கு. டயாலிசிஸ் முடிந்த அன்று உடல் களைத்துப் போகும். அன்று வெளியே செல்லத் திட்டமிட வேண்டாம். அதற்கு மறுநாள் காலைதான் பெரும்பாலான நோயாளிகள் தெம்பாக இருக்கும் நேரம். திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி ஆகியவை உகந்தவை. எல்லாரும் ஊர் சுற்றும் ஞாயிறு அவர்களுக்கு ஏற்றதன்று. வெள்ளிக்குப் பிறகு இரண்டாம் நாளாகிவிடுவதால் உடலில் நீர் சேர்ந்து, படி ஏறினாலே மூச்சு வாங்கும். செவ்வாய், வியாழன், சனி வருபவர்கள் இதற்கு நேர்மாறாக ஞாயிறு காலையைத் தாராளமாக எடுத்துக் கொள்ளலாம். திங்களைத்தான் ஓய்வுக்கு விடவேண்டும். வீட்டு நாட்காட்டியில் இந்த நாட்களைப் பிள்ளைகளையே வண்ணப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு எப்போது பார்த்தாலும் உடம்பு சரியில்லை" என்று நினைத்துக் கொண்டிருக்கும் பிள்ளை, அப்பாவுக்கு நல்ல நாட்களும் உண்டு, அவை எவை என்பதும் முன்கூட்டியே தெரியும் என்று அப்போது அறிந்து கொள்ளும்.

எங்கே போகலாம்? புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை நான் முதலில் சொல்வேன். குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி, மின்தூக்கி, குளிர்சாதன வசதி ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. மூன்றாவது, நீர் அளவாகக் குடிக்கவேண்டிய நோயாளிக்குப் பெரிய உதவி. வெயிலில் அலைந்தால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் அளவு மீறும். பிள்ளைகள் படிக்கட்டும். நீங்கள் அருகில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருங்கள்.

காந்தி அருங்காட்சியகம் இன்னொன்று. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கி வருகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். ஏறத்தாழக் காலாண்டு விடுமுறைக் காலத்தில் நடந்த நிகழ்ச்சி என்பதால் பிள்ளைகளுக்கு எளிதில் மனத்தில் நிற்கும். சுடப்பட்டபோது அவர் அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணியும் அங்கே காட்சிக்கு உள்ளது. நோயுற்ற தந்தையோடு வந்திருக்கும் எட்டு வயதுக் குழந்தை அதன்முன் நின்று சாவைப் பற்றிக் கேட்கக்கூடும், "நீயும் செத்துப் போவாயா அப்பா?" என்றும் கேட்கலாம். பேச்சை மாற்றி வெளியே அழைத்து வந்துவிடாதீர்கள். "அப்பாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, அந்த வேலையை இயந்திரம் செய்கிறது, அதனால்தான் நான் ஒரு நாளும் தவறாமல் மருத்துவமனைக்குப் போகிறேன்" என்ற அளவு உண்மை அந்த வயதுக்குப் புரியும். சாகவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுப்பதை விட அது நல்லது.

சற்று வெளியே போக முடிந்தால், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் உள்ளது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பானை ஓடுகளில் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்ட 'ஆதன்' போன்ற பெயர்கள் அகழாய்வில் கிடைத்தன. பகடைகளும், வட்டுகளும், ஆட்டக்காய்களும் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே பிள்ளைகள் சில்லு ஆடினார்கள் என்று சொல்லிப் பாருங்கள். கைப்பேசி தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். கீழக்குயில்குடி சமணர் மலைக்குச் சித்தப்பாவோ மாமாவோ உடன் வரட்டும். அவர்கள் பிள்ளைகளோடு படியேறிப் பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரும்வரை, நோயாளி அடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில், ஆலமர நிழலில் இருக்கலாம். மாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வருவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுச் சுற்றும் முடியாவிட்டால் ஒரு பக்கம் போதும். மீனாட்சியம்மன் கோயில் நவராத்திரிக் கொலுவைப் பார்க்காமல் மதுரைப் பிள்ளைக்கு விடுமுறை நிறைவடையாது. ஆனால் மாலை நெரிசலைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த நேரத்தில் முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்குத் தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. புறப்படுமுன் விசாரித்துக் கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

டயாலிசிஸ் நாட்களில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அந்த நான்கு மணி நேரத்துக்கு ஆடு புலி ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, கட்டத்தில் 23 புள்ளிகள். ஒரே மாதிரி இரண்டு தாள்களில் வரைந்து, புள்ளிகளுக்கு 1 முதல் 23 வரை எண்ணிட்டு, ஒன்றை வீட்டில் வையுங்கள், மற்றொன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். "ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு" என்று தொலைபேசியில் சொன்னால் போதும். ஊசி போடாத கையால் காயை நகர்த்திக் கொள்ளலாம். எங்கள் பிரிவில் இவ்வாறு ஆடுபவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர்கள் யோசனை சொல்லத் தொடங்கி, சில நாள் செவிலியர் அதட்ட வேண்டியும் வருகிறது.

ஃபிஸ்டுலா உள்ள கையைப் பற்றிப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அதில் தொங்கக்கூடாது, அதன்மேல் தலை வைத்து உறங்கக்கூடாது. தடை மட்டும் சொன்னால் அந்தக் கை அச்சம் தரும் பொருளாகிவிடும். ஊசி போட்ட இடம் ஆறியிருக்கும் நாளில், கை கழுவிய பின், மெல்ல உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஓர் அதிர்வு தெரியும். ஒரு சிறுமி அதை "அப்பா கைக்குள் பூனை இருக்கிறது" என்றாள். அந்த அதிர்வு நின்றுவிட்டால் நோயாளி உடனே எங்களை அழைக்க வேண்டும். அதைக் கண்காணிப்பது பெரியவர்கள் வேலை, பிள்ளையின் வேலையன்று.

"அப்பா, தண்ணீர் குடிக்காதீர்கள்" என்று கண்டிக்கும் பொறுப்பையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அளவைப் புட்டியில் ஊற்றி வைத்துக் கொண்டு நோயாளியே பார்த்துக் கொள்ளட்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் விடுமுறை வந்ததும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகள் சமையலுக்கும் தம்பியைப் பார்த்துக் கொள்வதற்கும் ஆளாகிவிடுகிறாள். "ரொம்பப் பொறுப்பான பெண்" என்று உறவினர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உவப்பில்லை. உதவி செய்யட்டும், ஆனால் விடுமுறையில் பாதி நாட்களாவது அவள் தோழியர் வீட்டுக்கோ நூலகத்துக்கோ போய்வர வழி செய்யுங்கள். பாட்டியையோ அத்தையையோ ஒரு வாரத்துக்கு வரவழைக்க முடியுமானால் கேட்கத் தயங்க வேண்டாம்.

இனி, உணவு. பிள்ளைகளோடு வெளியே போனால் இளநீரும் ஜிகர்தண்டாவும் கண்ணில் படும். பிள்ளைகள் குடிக்கட்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஆகாது. ஜிகர்தண்டாவில் பாலின் பாஸ்பரஸ் ஒருபுறம், நீரின் அளவு ஒருபுறம். கொலு வீடுகளின் சுண்டலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பயறை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். உப்பையும் குறைத்து உங்கள் வீட்டிலேயே செய்து, எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஆயுத பூசைக்குச் சொந்த ஊர் போயே தீரவேண்டியவர்களுக்கு ஒரு வழி உண்டு. அந்த ஊரிலோ அருகிலோ உள்ள டயாலிசிஸ் மையத்தில் ஓரிரு முறைக்கு முன்பதிவு செய்யலாம். உங்கள் டயாலிசிஸ் விவரக் குறிப்பையும், மஞ்சள் காமாலை பி, சி மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனைகளின் அண்மைய முடிவுகளையும் அவர்கள் கேட்பார்கள். அவற்றைத் தயாரிக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், பிள்ளைகளின் தேர்வு அட்டவணை கைக்கு வந்த வாரமே எங்கள் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.