வாயில் காக்கும் சிறு நிரல்

ஏடிடைனி85 என்பது எட்டுக் கால்களும் 8 கிலோபைட் நிரல் நினைவகமும் உடைய மைக்ரோகன்ட்ரோலர். யு.எஸ்.பி. சுற்று அதனுள் இல்லை. ஆயினும் ‘மைக்ரோநியூக்கிளியஸ்’ என்னும் திறந்தமூல பூட்லோடர், நினைவகத்தின் மேற்கோடியில் ஏறத்தாழ 2 கிலோபைட்டில் அமர்ந்து, கணிப்பொறி அனுப்பும் புதிய நிரலை யு.எஸ்.பி. வழியே ஏற்றுப் பதிக்கின்றது. வினாடிக்கு வருவன 15 இலட்சம் பிட்டுகள். சில்லின் துடிப்போ 165 இலட்சம். பிட் ஒன்றுக்குக் கிடைப்பவை 11 துடிப்புகளே! மாணவர்க்குத் தனி நிரலேற்றுக் கருவி வேண்டுவதில்லை.

பதிக்குங்கால் மின்சாரம் அறுபடின் யாது நேரும்? அர்டுயினோ ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில் பூட்லோடருக்கெனப் பூட்டத்தக்க தனிப்பகுதி உண்டு. ஏடிடைனி85க்கு அவ்வசதி இல்லை. மின்சாரம் பெற்றதும் அது முதல் முகவரியையே நாடும். அவ்விடம் கெட்டு, பூட்லோடரை அடையும் வழி அடைபட்டால், மேற்சொன்ன கருவியின்றிச் சில்லை மீட்க இயலாது.

ஆகையால் மைக்ரோநியூக்கிளியஸ் பழைய நிரலை மேற்பக்கத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்து, முதற்பக்கத்தை இறுதியில் அழிக்கின்றது. எழுதும்போதோ அப்பக்கத்தையே முதலில் எழுதி, தன்பால் திருப்பும் கட்டளையை அங்கு வைக்கின்றது. முழுதும் அழிந்த நிலையில் மின்சாரம் நின்றாலும் கேடில்லை. மீண்டும் மின்சாரம் வந்ததும், சில்லு வெற்றிடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து, மேற்கோடியிலுள்ள பூட்லோடரையே சென்றடையும்.