மனு கொடுத்தால் மீன் உரிமை வராது

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில், வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு மனுவைக் கொடுக்கிறார்கள். பதிவு எண் போட்ட சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். வேலை முடிந்தது என்று மலையேறி விடுகிறார்கள். ஓடையிலும் மடுவிலும் மீன் பிடிக்கத் தடை சொல்கிறார்கள் என்றாலும் சரி, ஏரியை யாருக்கோ குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்றாலும் சரி, மலைக் கிராமங்களில் நடப்பது இதுதான். அந்த மனு வனத்துறைக்குப் போகும், அங்கிருந்து "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வரும். அதோடு கதை முடிந்தது. மனு வேறு, உரிமைக் கோரிக்கை வேறு. கோரிக்கையைப் பெறவோ, திருத்தவோ, நிராகரிக்கவோ தனி அதிகாரி எவருக்கும் அதிகாரமில்லை, அவர் எந்தப் பதவியில் இருந்தாலும் சரி என்று வன உரிமை விதிகளில் 2012இல் சேர்த்த 12அ விதி சொல்கிறது. அதைப் பெறும் இடம் கிராம சபையும், அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவும் மட்டுமே. வனச்சரகரிடம் நீட்டிய தாள் சட்டத்தின் கண்ணில் கோரிக்கையே அல்ல.

திருப்பத்தூர் மாவட்டத்தின் நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று மலை ஊராட்சிகளிலும் இதை இப்போதே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதே மலையின் திருவண்ணாமலைப் பக்கத்தில், ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் படகுச் சவாரி வந்துவிட்டது. சுற்றுலா வந்த இடத்தில் அடுத்து வருவது தூண்டில். வார இறுதியில் காரில் வந்து பொழுதுபோக்காக மீன் பிடிப்பவருக்கு அனுமதிச் சீட்டு, கட்டணம், அதை முடிவு செய்ய ஒரு குழு. இது புதிய பழக்கமும் அல்ல. நீலகிரியில் வெளிநாட்டு மீன்களையும் வேட்டை விலங்குகளையும் காக்க 1879லேயே தனிச் சட்டம் போட்டார்கள். துரைமார்களின் பொழுதுபோக்குக்குப் பிறந்த சட்டம் அது. அப்படி ஒரு குழு அமையும் நாளில் மலையாளிப் பழங்குடி மக்கள் எந்தத் தாளைக் காட்டி உள்ளே உட்காருவார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தத் தாளுக்கான இடம் சட்டத்தில் இருக்கிறது. வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 3(1)(ஈ), நீர்நிலைகளின் மீனையும் மற்ற விளைபொருள்களையும் சமூக உரிமையாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதற்கான படிவம் 'பி', அதாவது சமூக உரிமைக் கோரிக்கைப் படிவம். நிலத்துக்கான 'ஏ' படிவத்தை நிரப்பி இதையும் வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 'பி' படிவத்தில் மூன்றாவதாக வரும் சமூக உரிமைகளின் கீழ், முதல் உட்பிரிவே மீனும் நீர்நிலைகளும்தான். பலர் தேனையும் கடுக்காயையும் எழுதிவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறார்கள். வெறும் கட்டம் விட்டால் உரிமையும் வெறுமைதான். ஓடையின் பெயர், மடுவின் பெயர், எந்த மாதம், எந்தக் கருவி, வலையா பரியா தூண்டிலா என்று அதில் எழுதுங்கள். கொடுத்தபின் வன உரிமைக் குழுவிடம் தேதியிட்ட எழுத்துமூல ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

குழுவில் 10 முதல் 15 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தீர்மானம் போடும் கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும், கோரியவர்களிலும் பாதிப் பேர் வர வேண்டும். சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளில் ஊராட்சி முழுவதையும் ஓரிடத்தில் கூட்டி இதை எட்டுவது கடினம். விதிகள் குக்கிராமத்தையும் கிராமமாகக் கணக்கெடுக்க வழி வைத்திருக்கின்றன. பட்டியலில் ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தீர்மானம் திருப்பத்தூர் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28இல் பிரிந்துவிட்டது, இனி வேலூருக்கு எழுதாதீர்கள். கிராம சபை மறுத்தால் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு மறுத்தால் மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அறுபது நாள் தாண்டினால் அதிகாரிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இந்தக் குழுக்கள் எப்போது கூடின, யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று தெரியாமல் முறையீடு எழுத முடியாது. கேட்டால் "அதெல்லாம் ரகசியம்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. ரகசியம் எதுவும் இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவின் எட்டாவது உட்பிரிவு, ஆலோசனை சொல்ல அமைத்த குழுக்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் கிடைக்குமா என்பதையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. வெளியிடாவிட்டால் நீங்கள் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குச் சான்றுடன் அதுவும் வேண்டாம். ஊராட்சி ஏரி என்றால் திருப்பத்தூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர், காப்புக்காட்டு ஓடை என்றால் திருப்பத்தூர் மாவட்ட வன அலுவலகம். அலுவலகம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. "ஏன் குத்தகைக்கு விட்டீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஏல அறிவிப்பின் நகல், குத்தகை ஆணையின் நகல், குழு உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது.

மலைவாசிகளிடம் உரிமையைக் கொடுத்தால் வெடி போட்டும் பிளீச்சிங் பவுடர் கொட்டியும் மீனை அழித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வெடியும் நஞ்சும் 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அதை யார் செய்தாலும், நம் ஊர்ப் பையன் செய்தாலும் குற்றம்தான், அதை மூடி மறைக்கும் ஊர் தன் வாதத்தையே கெடுத்துக்கொள்கிறது. ஆனால் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத்தான் கொடுக்கிறது. காக்கும் அதிகாரத்தைத் தராமல் அழிப்பார்கள் என்று குற்றம் சாட்டுவது நியாயமல்ல. இன்னொரு பக்கம், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான பெசா சட்டம் இருக்கிறதே, கிராம சபை தானாகவே எல்லாம் செய்யலாமே என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். 1996ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியே இல்லை. அந்த முழக்கத்தை நம்பிப் 'பி' படிவத்தை விட்டுவிட்டால் இரண்டும் கையில் இருக்காது. வன நிலத்துக்கு வெளியே உள்ள ஏரிக்கு இந்தப் படிவமும் உதவாது, அங்கே குத்தகைக் காகிதங்களை வாங்கிப் படிப்பதுதான் வழி.

ஆதாரத்துக்குப் பயப்பட வேண்டாம். மீன்பிடி இடங்களே சமூக உரிமைக்கு ஆதாரம் என்று வன உரிமை விதிகளின் 13ஆம் விதியில் இருக்கிறது. பெரியவர்களின் வாக்குமூலமும் ஆதாரம்தான், ஆனால் கோரிக்கை வைத்தவர் அதைத் தரக் கூடாது. ஊரே கோருவதால் பக்கத்து ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். ஒரு சான்று போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். எழுத்தில் எழுதி, மடுவுக்கு மடு பெயர் சொல்லி, அவர் கைநாட்டு வைத்து, தேதி போட்டு வையுங்கள். அவருக்கு எண்பது வயது ஆகிறது என்றால் அடுத்த கிராம சபை வரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுதி வாங்குங்கள்.