கணினி எவ்வளவு பேசலாம்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தால் நன்றி சொல்வோம். ஆறு மாதம் கழித்தும் எட்டிப் பார்த்து அதையே சொன்னால்? கணினித் திரையின் மூலையில் எழும் குறிப்புகளும் இப்படித்தான். பலர் அவற்றைப் படிப்பதே இல்லை, வந்தவுடன் மூடிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. படிக்காமல் மூடிப் பழகிய கை, உண்மையான எச்சரிக்கையையும் மூடிவிடும்.

உதவியின் அளவைப் பயனீட்டாளரே கூட்டிக் குறைக்கலாம் என்பது புதிய யோசனை அல்ல. 1980களில் அலுவலகங்களில் பெயர் பெற்றிருந்த வோர்ட்ஸ்டார் மென்பொருளில் அது இருந்தது. கண்ட்ரோலோடு ஜே, பிறகு எச். உடனே 'உதவி நிலை எது?' என்று கேட்கும். 3 என்றால் கட்டளைப் பட்டியல் திரையின் மேல்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும். தட்டச்சு செய்ய இடம் குறையும். 2 என்றால் அந்தப் பட்டியல் மறைந்துவிடும். ஆனால் கண்ட்ரோல், கே அழுத்திவிட்டு அடுத்த எழுத்து நினைவுக்கு வராமல் சற்றுத் தயங்கினால், அதற்குரிய பட்டியல் தானாக வரும். வேகமாக அழுத்துபவருக்கு வராது! 1, 0 என்று இறங்க இறங்க, திரை முழுவதும் எழுதுபவருக்கே.

தயக்கத்தைக் கவனித்து உதவிய அந்தப் பண்பு, ஆபீஸ் 97இல் வந்த காகிதக் கிளிப் பொம்மையிடம் இல்லை. கடிதம் எழுதத் தொடங்கினாலே, உதவட்டுமா என்று வந்து நிற்கும். எத்தனை முறை வேண்டாம் என்றாலும் அதற்கு உறைக்காது. 2001இல் ஆபீஸ் எக்ஸ்பி வந்தபோது அதை அணைத்தே கொடுத்தார்கள். ஆபீஸ் 2007இல் அது காணாமலே போனது.

இன்று விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று சென்று, கீழே உள்ள அடிஷனல் செட்டிங்ஸைத் திறந்தால் மூன்று கட்டங்கள் இருக்கும். விண்டோஸைப் புதுப்பித்தபின் வரும் வரவேற்புத் திரைக்கு ஒன்று, கணினி அமைப்பை முடிக்கச் சொல்லும் ஆலோசனைக்கு ஒன்று, பொதுவான குறிப்புகளுக்கு ஒன்று. வேண்டாததில் உள்ள குறியை எடுத்துவிடலாம். அவசரத்தில், அதே பக்கத்தின் மேலே இருக்கும் நோட்டிஃபிகேஷன்ஸ் பொத்தானையே அணைத்துவிடக் கூடாது. மின்னஞ்சல் அறிவிப்பு, காலண்டர் நினைவூட்டல், வைரஸ் தடுப்பின் அறிவிப்பு எல்லாம் அதோடு அடங்கிவிடும்.

வீட்டில் ஒரே கணினியை எல்லாரும் பயன்படுத்துகிறீர்களா? பாட்டிக்கும் பேரனுக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். இந்த அமைப்பு கணக்குக்குக் கணக்கு மாறும். பேரன் தொல்லை என்று நிறுத்திய குறிப்புகள் பாட்டிக்குத் தொடர்ந்து வரும்; அவருக்கு அவை தேவைப்படலாம்.

பாட்டிக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்க வேண்டும். உதவி என்ற பெயரில் வரும் பெட்டி எல்லாம் கணினியுடையது அல்ல. 'வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று இணையப் பக்கம் ஒன்று அலறினால் அது மோசடி. மைக்ரோசாப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் வராது. அழைக்காமல் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மூட மறுத்தால் ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்துங்கள்.