மாலத்தீவுக்குப் புறப்படுமுன்...

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. ஆனால் இங்குள்ளது சேற்றுக் கடல். நீர் கலங்கியிருப்பதால் இறங்கவே தயங்குவார்கள். மாலத்தீவுக் கடலோ கண்ணாடி போலத் தெளிவானது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சுமார் 1,200 சிறு தீவுகளைக் கொண்ட நாடு அது. பவளப்பாறையின் விளிம்பைத் தாண்டியதும் கடல் சட்டென்று ஆழமாகிவிடும். தீவுகளுக்கிடையிலான கால்வாய்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்கக்கூடாது. நீச்சல் தெரிந்தவர்களும் தனியாகப் போகக்கூடாது. நீரோட்டம் இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் குறுக்காக நீந்தி விலக வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

அடுத்தது சட்டம். மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றை அந்நாட்டுக்குக் கொண்டு செல்லத் தடை உண்டு. வழித்துணைக்கென்று பையில் வைக்கும் சிறிய முருகன் சிலையை வீட்டுப் பூசையறையிலேயே விட்டுச் செல்வது நல்லது. மின்சிகரெட்டுக்கும் 2024 முதல் தடை.

பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்திற்குள் 'இமுகா' இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

சிறு தீவில் உடல்நிலை மோசமானால் படகிலோ கடல் விமானத்திலோதான் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். அந்தச் செலவு சாதாரணக் குடும்பத்தை உலுக்கிவிடும். ஆகவே, விமானச் சீட்டு வாங்கும் அன்றே பயணக் காப்புறுதியும் எடுத்துவிடுங்கள்.